உடம்பு தேறும் காலம்

மருந்துக் கெடு முடிந்துவிட்டது. வயிற்றில் இருந்த புழு வெளியேறிவிட்டது, அல்லது மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல் இருந்த வெண்புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. தொட்டியின் முன் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். மீன் உயிரோடு இருக்கிறது, ஆனால் தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. வயிறு உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. முதுகு கத்தி விளிம்புபோல் கூர்ந்திருக்கிறது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று சொல்லக் கடைக்குக் கடை ஆள் உண்டு. நோய் விட்டுப்போன பிறகு இந்த எலும்புக்கூட்டை என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. நோயில் பிழைத்து, தேறும் காலத்தில் செத்த மீன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில என் கையாலேயே போனவை. பாவம், இளைத்துவிட்டதே என்று ஒரே நாளில் வயிறு முட்டப் போட்டேன். மூன்றாம் நாள் அவை தண்ணீரின் மேல்மட்டத்தில் சாய்ந்து மிதந்தன.

காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு நம் வீடுகளில் முதல் நாளே பிரியாணி போடுவதில்லை. கஞ்சி, பிறகு ரசம் சோறு, பிறகுதான் மற்றதெல்லாம். அந்தப் பத்தியம் மீனுக்கும் பொருந்தும். காரணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பல நாள் சாப்பிடாத மீனின் குடல் சுருங்கிப்போகிறது, செரிமான நீர்களின் சுரப்பும் குறைகிறது. புழுவோ, கண்ணுக்குத் தெரியாத ஹெக்ஸாமிட்டா போன்ற ஒட்டுண்ணியோ இருந்த குடலென்றால் உட்சுவரும் புண்பட்டிருக்கும். அந்தக் குடலில் போய் விழும் பெரிய கவளம் செரிக்காமல் அழுகும். பசி பெரும்பாலும் முதல் நாளே திரும்பிவிடும், குடல் திரும்ப வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் மீன்கள் சாகின்றன.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரு ஏஞ்சல் குஞ்சை மனதில் வைத்தே பேசுகிறேன். உடல் பத்து ரூபாய் நாணயத்தின் அளவு. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் மீன்களில் ஒன்று, குடல் ஒட்டுண்ணிகளுக்கு எளிதில் ஆளாவதும் அதுதான். கப்பி, மோலி, தங்கமீன் என்று மாறும் இடங்களில் தனியே சொல்கிறேன்.

நோய் உண்மையிலேயே போய்விட்டதா?

தேற்றத் தொடங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். உள்ளே புழு இருக்கும்போது போடும் தீனி புழுவுக்குத்தான் போகும்.

மீனின் எச்சத்தைப் பாருங்கள். நலமான மீனின் எச்சம் தின்ற தீனியின் நிறத்தில் இருக்கும், சீக்கிரம் அறுந்து விழும். வெள்ளையாக, சளிபோல், நூலாக நீண்டு தொங்கினால் குடல் வெறுமையாக இருக்கிறது, அல்லது இன்னும் எரிச்சலில் இருக்கிறது என்று பொருள். சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் அப்படி இருப்பதில் கவலை இல்லை. ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகும் வெள்ளை நூலாகவே இருந்தால் முந்தைய அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்.

மலத்துவாரத்தில் சிவப்பு நூல் முனைகள் எட்டிப் பார்த்தால் அது கமலானஸ் புழு. கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் இது அடிக்கடி வரும். அலங்கார மீன் வணிகத்தோடு உலகம் முழுக்கப் பரவிய புழு இது. ஒரு முறை மருந்து போட்டதும் தொங்கிய புழு விழுந்துவிடும், உடனே நிம்மதி வந்துவிடும். தொட்டியின் அடியில் கிடக்கும் இளம்புழுக்கள் மறுபடி மீனுக்குள் போகக் காத்திருக்கும். அதனால் இரண்டாவது முறை மருந்தும், அடித்தளத்தைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் கட்டாயம். இரண்டாம் கெடு முடியாதவரை மீனைத் தேறிய கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மனதுக்குக் கஷ்டமான செய்தி. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே இளைக்கும் மீன், முதுகெலும்பு வளைந்துகொண்டே போகும் மீன், ஆறாத புண்ணோடு இருக்கும் மீன், இவற்றுக்கு இருப்பது ஒட்டுண்ணியாக இல்லாமல் மீன் காசநோயாக இருக்கலாம். அதற்கு வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. அந்தக் கிருமி மனிதர் கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகத் தோலில் இறங்கி நாள்பட்ட புண்ணை உண்டாக்கும். சந்தேகம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். சைஃபன் குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எந்தத் தொட்டியிலும் அதைச் செய்யாதீர்கள். குழாயை முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்தாலே போதும், தண்ணீர் இறங்கும்.

தனியிடமும் தண்ணீரும்

இளைத்த மீன் பெரும்பாலும் துரத்தப்படும் மீனும்தான். தீனி விழும் இடத்துக்கு அது வந்து சேர்வதற்குள் மற்றவை முடித்துவிடும். எனவே தனித்தொட்டி வேண்டும். நாற்பது லிட்டர் பிடித்தால் போதும். அடியில் மணல், கல் எதுவும் வேண்டாம். மிஞ்சிய தீனியும் எச்சமும் கண்ணில் பட வேண்டும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மூலையில் மறைந்துகொள்ள ஒரு மண் சட்டித் துண்டு, பக்கவாட்டில் ஒட்ட ஒரு காகிதம். ஏஞ்சல் கூட்டத்தில் வளரும் மீன், முற்றிலும் தனியே விட்டால் சில நேரம் சாப்பிடாது. அப்படியானால் அதே நோயிலிருந்து தேறிய, சாதுவான இன்னொரு ஏஞ்சல் குஞ்சைத் துணைக்கு விடலாம். தனித்தொட்டிக்கு வழியே இல்லையென்றால், குட்டி மீன்களுக்கான வலைப்பெட்டியைப் பெரிய தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு அதில் மீனை வைக்கலாம். சமாளிப்புதான், ஆனாலும் கூட்டத்தில் விடுவதைவிட மேல்.

மருந்து முடிந்த தொட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெத்திலீன் புளூ என்கிற நீல மருந்தும், சில ஆன்டிபயாடிக்குகளும் நோய்க்கிருமிகளோடு ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். மீன் கழிக்கும் அம்மோனியாவை உடைப்பவை அவைதான். அவை போய்விட்டால் பழைய தொட்டியும் புதுத் தொட்டிக்குச் சமம். இந்த நேரத்தில் நாம் தீனியைக் கூட்டுகிறோம், அம்மோனியாவும் கூடுகிறது. மீன் மறுபடி சோர்கிறது, நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி மருந்து ஊற்றுகிறோம். இந்தச் சுழலில் சிக்கிய வீடுகள் எத்தனையோ.

அதனால் மருந்துக் கெடு முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பனை இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு எஞ்சிய மருந்தை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு, நோயே வராத வேறொரு தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் வாங்கி வந்து போடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் டெஸ்ட் கிட்டுக்கு ஆகும் செலவை வீண் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று தீனி இல்லை, தண்ணீர் மாற்றம் மட்டும். போர் தண்ணீர் பல ஊர்களில் காரத்தன்மையோடு இருக்கும். காரமும் வெப்பமும் ஏற ஏற அதே அளவு அம்மோனியாவே அதிக நஞ்சாகிறது. கோடையில் சென்னையில் இருப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

வெப்பம் ஏஞ்சலுக்கு 27, 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பசி எடுக்கும், செரிக்கும். வெண்புள்ளிக்கு வைத்தியம் செய்தபோது ஹீட்டரை 30-க்கு மேல் ஏற்றியிருப்பீர்கள். அதை ஒரே நாளில் இறக்காமல் நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் அது சுமார் 7.5-ஆகக் குறைகிறது. வெண்புள்ளி கண்டு எழுந்த மீனின் செவுள் இன்னும் முழுக்க ஆறியிருக்காது. காற்று பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரி பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு போடுவது உதவும். நன்னீர் மீனின் உடம்புக்குள் தண்ணீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது, அதை வெளியேற்றவே மீன் தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. மெல்லிய உப்பு அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கும், நைட்ரைட்டின் நஞ்சையும் தணிக்கும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டும். ஆவியான தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பு வேண்டாம், உப்பு ஆவியாவதில்லை.

தெருவோரத்து நாட்டுவாதுமை மரத்தின் இலையைப் பற்றியும் கேட்பீர்கள். தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவிப் போடலாம். தண்ணீர் தேநீர் நிறமாகும், மீனுக்கு மறைவும் அமைதியும் கிடைக்கும். அதை மருந்தாக நம்பிவிடக் கூடாது.

பத்தியம்

முதல் மூன்று நாளுக்கு நான் வேறு எதையும் நம்புவதில்லை, அப்போது பொரித்த ஆர்டீமியா குஞ்சுதான். உயிரோடு துடிக்கும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, மென்மை, வயிற்றில் பாரம் இல்லை. அசையும் இரையைப் பார்த்ததும், சுருண்டு கிடக்கும் மீனுக்குக்கூட வேட்டை நினைவு வந்துவிடும்.

பொரிப்பது கடினமில்லை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை. காற்றுக் குழாயை அடிவரை விட்டு முட்டைகள் படியாதபடி ஓடவிடுங்கள், பக்கத்தில் ஒரு பல்பு எரியட்டும். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவைப்படாது, சுமார் 24 மணி நேரத்தில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் கீழே கூடும். அவற்றை மட்டும் குழாயால் இறக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். பொரித்த குஞ்சு தன் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவில்தான் வாழ்கிறது. நேரம் ஆக ஆக அந்தச் சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். ஆறேழு மணி நேரத்துக்குள் மீனுக்குப் போட்டுவிட வேண்டும். நேற்றுப் பொரித்த குஞ்சு துடிக்கும், ஆனால் சத்து குறைந்திருக்கும். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு பாட்டில்களை வைத்துக்கொள்வதே வசதி.

எவ்வளவு போடுவது? ஒரு வேளைக்கு மீனின் கண்ணளவில் பாதி. குறைவாகத்தான் தோன்றும். ஒரு நாளைக்கு நான்கு முறை. காலை ஏழு மணி, எட்டு மணி, மாலை ஆறு, இரவு எட்டரை என்று வைத்தால் வேலைக்குப் போகிறவருக்கும் முடியும். கடைசித் தீனிக்குப் பிறகு அரை மணி நேரமாவது விளக்கு எரியட்டும். ஐந்து நிமிடத்தில் தின்னாததைச் சிறு குழாயால் எடுத்துவிடுங்கள். தங்கமீனுக்கும் கப்பி வகைக்கும் இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. சேமித்துவைக்க இடமில்லாத அவற்றுக்கு நான்கு முறையை ஆறாக்கி, அளவை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாளிலிருந்து ஃப்ரோஸன் ரத்தப்புழுவைச் சேர்க்கலாம். கட்டியைச் சிறு கிண்ணத்தில் கரையவிட்டு, சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புழுவைக் கத்தரியால் இரண்டாக மூன்றாக நறுக்கிப் போடுங்கள். கரைந்ததைத் திரும்ப உறையவைக்கக் கூடாது. சிலருக்கு ரத்தப்புழு, அதிலும் காய்ந்த புழுவின் தூள், மூக்கிலும் தோலிலும் அலர்ஜியைக் கிளப்பும். தும்மல் வந்தால் அலட்சியம் வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளில் உருண்டையாகச் சிவந்து நெளியும் டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் இந்த மீனுக்குக் காட்டாதீர்கள். அதைத் தின்றால் உடம்பு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது, எத்தனை அலசினாலும் உள்ளே இருப்பது போகாது. குளத்தில் வலைபோட்டுப் பிடித்து வரும் மொய்னா, டாஃப்னியாவிலும் இதே கவலை உண்டு. அவற்றோடு கலந்து வரும் சைக்ளாப்ஸ் என்ற சிற்றுயிரிதான் கமலானஸ் புழுவின் குஞ்சுகளைச் சுமப்பது. வீட்டுத் தொட்டியில் தனியாக வளர்த்த மொய்னா என்றால் அருமையான தீனி, அதன் ஓடு நார்ச்சத்துபோல் குடலைச் சுத்தம் செய்யும். கொசுப்புழுவும் நல்ல தீனிதான். டெங்கு உள்ள ஊரில் அதை வளர்க்கிறேன் என்று தண்ணீர் தேக்கிவைப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் கெடுதல். மாடியில் திறந்த டிரம்மெல்லாம் வேண்டாம்.

பத்து நாள் கழிந்து, எச்சம் நிறம் பிடித்துவிட்டால் கெட்டித் தீனி. நான் வீட்டில் செய்வது இது. ஓடு நீக்கிய இறால் நூறு கிராம், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, பாதிப் பல் பூண்டு. இறாலையும் தோலுரித்த பட்டாணியையும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். சிலவகை மீனிலும் சிப்பியிலும் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் ஒன்று உண்டு, பச்சையாகவே தொடர்ந்து கொடுப்பதைவிட வேகவைப்பது பாதுகாப்பு. பூண்டோடு சேர்த்து எல்லாவற்றையும் மிக்சியில் அரையுங்கள். நூறு மில்லி தண்ணீரில் இரண்டு கிராம் கடல்பாசியை முழுக்கக் கரையும்வரை காய்ச்சுங்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது இனிப்பாகச் செய்கிறார்களே, அதே கடல்பாசிதான். மன்னார் வளைகுடாக் கரையோரப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் பாசிகளிலிருந்தும் இது எடுக்கப்படுகிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விழுதைக் கலந்து, மீனுக்கான வைட்டமின் சொட்டு இருந்தால் அப்போது விட்டு, தட்டையான பையில் மெல்லிய ஏடாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். தேவைக்கு ஒரு துண்டை உடைத்துச் சீவிப் போட்டால் தண்ணீரில் கரையாது. பூண்டு ஒட்டுண்ணியைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் நான் சேர்ப்பதில்லை. வாசனைக்கு மீன் வாயைத் திறக்கிறது, எனக்கு அதுவே போதும்.

ஆட்டு ஈரல், மாட்டு இதயம் கொடுத்தால் உடம்பு பிடிக்கும் என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. உடம்பு பிடிப்பது கொழுப்பாகத்தான். பாலூட்டிகளின் கொழுப்பு மீனின் உடலில் எளிதில் செரிப்பதில்லை, கல்லீரலில் போய்ப் படியும். ஏற்கெனவே களைத்த கல்லீரலுக்கு அது வேண்டாம். பொரி, பிரெட், முட்டை மஞ்சள் கரு பற்றி ஒரே வரி போதும். கோயில் குளத்துக் கெண்டைக்குப் போடும் பொரியையும் மற்ற இரண்டையும் தொட்டியில் போடாதீர்கள்.

நீண்ட காலத்துக்குக் கடைத் தீனிதான். முதல் பொருளாக மீன்மாவோ இறால்மாவோ இருக்கும், புரதம் 40 சதவீதத்துக்குமேல் உள்ள பெல்லட்டாகப் பார்த்து, சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். திறந்த டப்பாவில் வெப்பமும் ஈரமும் பட்டு வைட்டமின் சி வேகமாக அழிந்துபோகிறது. எடைபோட்டு விற்கும் தீனி எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று நாளாகியும் எதையும் தொடாத மீனுக்கு விளக்கைத் தணியுங்கள், தொட்டியின் மூன்று பக்கமும் மூடுங்கள், அடிக்கடி எட்டிப் பார்ப்பதை நிறுத்துங்கள். தீனியை வாயில் எடுத்து உடனே துப்புகிறது என்றால் அது நல்ல அறிகுறி, இன்னும் சிறிதாக நறுக்குங்கள். குழாய் வழியாக வயிற்றில் தீனி ஏற்றுவது பெரிய மீன்களுக்கு, தெரிந்தவர் கையால் மட்டுமே. நாணய அளவு மீனுக்கு அதைச் செய்தால் பிடித்த பிடியிலேயே போய்விடும்.

எப்படி அளப்பது

சின்ன மீனைத் தராசில் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஞாயிறுதோறும் தீனிக்கு முன், ஒரே இடத்திலிருந்து, மூன்று படங்கள் எடுங்கள்: பக்கவாட்டில், நேரெதிரே, மேலிருந்து. தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் நான்கு வாரப் படங்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும்.

ஏஞ்சல் இயல்பிலேயே தட்டை மீன், பக்கவாட்டில் பார்த்தால் மெலிவு சட்டென்று தெரியாது. நேரெதிரே பாருங்கள். கண்ணுக்கு மேல், நெற்றியின் இருபக்கமும் குழி விழுந்திருந்தால் அது தசை கரைந்த மீன். உடம்பு தேறும்போது முதலில் சுறுசுறுப்பும் நிறமும் வரும், பிறகு சாப்பிட்டதும் வயிறு லேசாக உருளும், பிறகு சாப்பிடாத நேரத்திலும் அப்படியே நிற்கும். நெற்றிக் குழியும் முதுகும் கடைசியாகத்தான் நிரம்பும். என் மீன்களில் வயிறு திரும்ப ஒரு வாரம் பத்து நாள், முதுகு திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஆகியிருக்கிறது. வளரும் வயதில் நோய்ப்பட்ட குஞ்சு கூடப்பிறந்தவற்றின் அளவுக்கு வராமலே போகலாம். சின்னதாக இருந்தாலும் பல ஆண்டுகள் நன்றாக வாழும்.

வயிறு மட்டும் திடீரென்று பெருத்து, முதுகு ஒட்டியபடியே இருந்தால் மகிழ வேண்டாம். தீனியை ஒரு நாள் நிறுத்துங்கள், மறுநாள் ஆர்டீமியாவுக்குத் திரும்புங்கள். செதில்கள் அன்னாசிப் பழத்தோல்போல் விரிந்து நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது, அது தீனியால் வந்த சிக்கல் அல்ல. அப்போது மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேட வேண்டும்.

எல்லாம் செய்தும் மீன் சாய்ந்துகொண்டே போனால், அதைக் கொண்டுபோய் ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். உயிர் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் பலர் விடுகிறார்கள். அந்த நீரில் உள்ள நாட்டு மீன்களுக்கு நம் தொட்டியின் புழுவைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகவே அது முடியும்.

திரும்பச் சேர்ப்பது

நெற்றிக் குழி நிரம்பி, பெல்லட்டைத் தானாக ஓடிவந்து தின்று, தொடர்ந்து இரண்டு வாரம் எச்சம் சரியாக இருந்தால் பழைய தொட்டிக்கு அனுப்பலாம். முதல் நாளே கல்லையும் செடியையும் இடம் மாற்றிவையுங்கள், எது யாருடைய மூலை என்ற கணக்கு எல்லா மீனுக்கும் கலைந்துபோகும். விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். மறுநாளிலிருந்து தீனியை இரண்டு மூலைகளில் ஒரே நேரத்தில் போடுங்கள். உங்கள் மீன் எந்த மூலைக்கு வருகிறது, எத்தனை வாய் கிடைக்கிறது என்று முதல் வாரம் முழுக்க எண்ணிப் பாருங்கள். மூன்று வேளை தொடர்ந்து வெறும் வாயோடு ஒதுங்கினால் தயங்காமல் வலைப்பெட்டிக்கு மாற்றுங்கள்.

தனித்தொட்டியின் வலை, குழாய், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் வேறெந்தத் தொட்டிக்கும் எடுக்கும் முன் கொதிநீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் இரண்டு முழு நாள் காயவிடுங்கள். ஸ்பாஞ்சைப் பிழிந்து பார்த்து நடுவில் ஈரம் இருந்தால் மூன்றாம் நாளும்.